ரெண்டு நாள் வேலை என்று நினைத்தது 47 நாள் ஆனது: 13 துண்டுகளை ஒரே படமாக்கிய அனுபவம்

"எல்லாப் பகுதியும் எடிட் முடிஞ்சாச்சு. இனிமே ஒட்டுற வேலைதான், ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன்" என்று என் தெருக்கூத்து ஆவணப்படத்தைப் பற்றி 2023 பிப்ரவரியில் என் மனைவியிடம் சொன்னேன். அந்த வேலை முடிய 47 நாள் ஆனது. கையிலிருந்து 23,200 ரூபாய் போனது. மாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று என்று ஒப்புக்கொண்டிருந்த இரண்டு கல்யாண வேலைகளை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்தேன். யாராவது ஒருவர் முன்கூட்டியே பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதிக்கு மேல் தப்பியிருக்கும். அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன்.

திண்டிவனம் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு மூன்று தலைமுறையாக ஒரே ஜமாதான் தெருக்கூத்து ஆட வருகிறது. அந்த ஜமாவைப் பற்றி ஒன்றரை மணி நேர ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 2019 திருவிழாவில் தொடங்கினேன். அடுத்த இரண்டு வருடம் கொரோனாவில் திருவிழா நடக்கவில்லை. 2022இல் மறுபடி எடுத்தேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கிற ஆட்டம், இரண்டு கேமரா, கூடவே போன். மொத்தம் 1.8 டிபி ஃபுட்டேஜ் சேர்ந்துவிட்டது. என் கம்ப்யூட்டரில் 16 ஜிபி ரேம்தான். எல்லாவற்றையும் பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரே ப்ராஜெக்ட்டில் போட்டபோது அது திறக்கவே ஏழெட்டு நிமிடம் எடுத்தது. அதனால் ஒரு இரவுக்கு ஒன்று, ஒரு பேட்டிக்கு ஒன்று என்று 13 சின்ன ப்ராஜெக்ட்டாகப் பிரித்துக்கொண்டேன். அதில் இரண்டைப் புதுச்சேரியில் இருக்கிற நண்பர் எடிட் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டார்.

பிரித்தது தப்பில்லை, அதை இன்றும் சொல்வேன். ஃபிலிம் காலத்திலிருந்தே படத்தை ரீல் ரீலாகப் பிரித்துத்தான் எடிட் செய்தார்கள். 35 எம்.எம். ஃபிலிமில் ஆயிரம் அடி ரீல் என்றால் கிட்டத்தட்ட 11 நிமிடம். ஆனால் அவர்களுக்கு எல்லா ரீலும் ஒரே அகலம், ஒரே வேகம், ஒரே துளை. ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும். என்னுடைய 13 ப்ராஜெக்ட்டும் நான்கு வருடத்தில், வெவ்வேறு மனநிலையில், வெவ்வேறு அமைப்பில் பிறந்தவை. ஒட்டுகிற நாள் ஒன்று வரும் என்று தெரிந்தும் அதற்கான ஏற்பாட்டை நான் தொடக்கத்தில் செய்யவில்லை. வேலையின் முதல் வாரத்திலேயே, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் வருகிற மாதிரி இரண்டு ப்ராஜெக்ட்டை அரைகுறையாகச் செய்து, அவற்றை ஒட்டிப் பார்த்திருந்தால் கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பெரும்பாலானவை அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

முதலில் சுலபமான வழி என்று நினைத்ததைச் செய்தேன். 13 பகுதியையும் தனித்தனியாக எம்பி4 ஆக எக்ஸ்போர்ட் செய்து, எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு மறு ரெண்டர் (மறுபடி சுருக்கி எழுதுவது) இல்லாமல் ஒட்டினேன். ஐந்து நிமிடத்தில் ஒரே ஃபைல் வந்துவிட்டது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் ஹெட்போன் போட்டுக் கேட்டபோது ஒட்டு விழுந்த இடங்களில் எல்லாம் மிருதங்கம் தடுக்கி விழுந்தது. மிகச் சின்ன இடறல்தான், ஆனால் தாளம் தெரிந்தவன் காதில் கட்டாயம் விழும். ஏன் என்று புரிய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. எம்பி4இல் இருக்கும் ஏஏசி ஒலி 1024 சாம்பிள் கொண்ட கட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள் என்றால், ஒரு கட்டு 21 மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகம். நம் பகுதி எந்த இடத்தில் முடிந்தாலும் அது கட்டுக்கணக்கில் முழுசாக வராது. தொடக்கத்தில் கொஞ்சம் வெற்று ஒலியும் சேர்ந்துகொள்ளும். தனியாக ஓட்டினால் தெரியாது, இன்னொன்றோடு ஒட்டினால் இடறும். நானோ பகுதிகளைப் பாட்டு நடுவிலேயே வெட்டியிருந்தேன். பழைய எடிட்டர்கள் ரீல் மாறுகிற இடத்தில் பாட்டு ஓடாதபடி பார்த்துக்கொண்டதன் அருமை அப்போதுதான் புரிந்தது. ஒரு பகுதி முடிகிற இடம் மௌனமாகவோ, வெறும் கூட்டச் சத்தமாகவோ இருக்கட்டும். தாளம் ஓடுகிற இடத்தில் எல்லைக்கோடு போடாதீர்கள்.

படமும் கெட்டிருந்தது. கூத்து முழுக்க ராத்திரி. டியூப்லைட் வெளிச்சம் எட்டாத இடமெல்லாம் கருப்பு. ஃபைல் அளவு குறைய வேண்டிக் கேமராவிலேயே ஒருமுறை சுருக்கிய படத்தை, பகுதி எக்ஸ்போர்ட்டில் இன்னொருமுறை சுருக்கி, அதை எடுத்துக் கலர் பார்த்து மூன்றாம் முறையும் சுருக்கியபோது அந்தக் கருப்பெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. பகல் காட்சி என்றால் இவ்வளவு தெரிந்திருக்காது. பகுதிகளை ஃபைலாகவே எடுத்து ஒட்ட வேண்டிய நிலை வந்தால் எம்பி4 வேண்டாம். படத்தை அதிகம் சுருக்காத புரோரெஸ் 422 எச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூ வகையில், ஒலியைச் சுருக்காத பிசிஎம் ஆக எடுங்கள். 1080 அளவில், விநாடிக்கு 25 ஃபிரேமில் புரோரெஸ் எச்க்யூ மணிக்குச் சுமார் 83 ஜிபி பிடிக்கும். என்னுடைய 92 நிமிடத்துக்கு 127 ஜிபி வந்தது. ஹார்ட் டிஸ்க் இடம் போகிறதே என்று கஞ்சத்தனம் பார்த்ததில்தான் எனக்கு முதல் பத்து நாள் போனது. கடைசியில் 9,500 ரூபாய்க்குப் புது டிஸ்க் வாங்கத்தான் செய்தேன்.

அடுத்து, சரியான வழிக்கு வந்தேன். புதிதாக ஒரு தாய் ப்ராஜெக்ட் தொடங்கி, 13 ப்ராஜெக்ட்டையும் அதற்குள் இம்போர்ட் செய்தேன். திறந்ததும் திரை முழுக்க மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பு. 2019இல் கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்குக்குக் கொடுத்த டிரைவ் எழுத்து (டி, இ மாதிரி) வேறு, இப்போது வேறு. சரி, ஃபைலைக் காட்டிக்கொடுத்தால் ஆயிற்று என்று ஒரு கிளிப்பைத் தேடிக் கொடுத்தேன். மற்றதையெல்லாம் அதுவே கண்டுபிடித்து நிரப்பிக்கொண்டது. பச்சைக்கொடி வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அங்கேதான் இந்த 47 நாளின் மிகக் கொடுமையான தப்பு நடந்தது.

என்னுடைய கேமரா கார்டை ஃபார்மட் செய்யும்போதெல்லாம் சி0001 என்று முதலிலிருந்து எண் போடும். ஆகவே சி0012 என்ற பெயரில் என்னிடம் 20 கிளிப்புக்கு மேல் இருந்தன. பெயரை மட்டும் பார்த்து இணைக்கச் சொன்னதால், முதலில் எது கிடைத்ததோ அதைப் பிடித்துப் போட்டுவிட்டது. துரியோதனன் பேச வேண்டிய இடத்தில் கட்டியங்காரன் நின்ற மாதிரியான தப்புகளை உடனே பார்த்துத் திருத்திவிட்டேன். ஆனால் எல்லாத் தப்பும் அப்படிப் பளிச்சென்று தெரியாது. ராத்திரி இரண்டு மணி இருக்கும், ஒன்பதாம் பகுதியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அது 2022 இரவு. ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆர்மோனியக்காரர் பின்பாட்டு பாடிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்த எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த மனிதர் 2021இல் கொரோனாவில் இறந்துபோனவர். அவர் இல்லாத முதல் திருவிழா என்பதுதான் அந்தப் பகுதியின் உயிர். அதில் அவரே வந்து பாடுகிறார். இதை அவர் சம்சாரம் திருவிழாவில் ஊரோடு உட்கார்ந்து பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று எழுந்துபோய் வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கு இரண்டு மருந்து இருக்கிறது. ஒன்று, கார்டிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றும் நாளிலேயே, ப்ராஜெக்ட்டுக்குள் இழுப்பதற்கு முன்பே, ஒவ்வொரு கிளிப்புக்கும் வருடம், இரவு, கேமரா, கார்டு எண் வருகிற மாதிரி பெயர் மாற்றிவிடுவது. இழுத்த பிறகு மாற்றினால் அது வேறு தலைவலி. இரண்டு, இணைக்கும் பெட்டியில் பெயரோடு கிளிப் தொடங்கும் டைம்கோடையும் (கேமரா ஃபிரேமோடு பதியும் நேர எண்) பொருத்தச் சொல்லி டிக் செய்வது. நான் இரண்டையும் செய்யாததால் வேறொரு முறையில் சரிபார்க்க வேண்டியதாயிற்று, அது எல்லோருக்கும் பயன்படும். பகுதி முடிந்த காலத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்ப எடுத்த சின்ன எம்பி4கள் என்னிடம் இருந்தன. ஒவ்வொன்றையும் தாய் ப்ராஜெக்ட்டின் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) மேல் டிராக்கில், அதாவது மேல் அடுக்கில், அளவு பொருத்திப் போட்டு, இரண்டு படத்தின் வித்தியாசத்தை மட்டும் காட்டும்படி பிளெண்ட் மோடை டிஃபரன்ஸ் என்று மாற்றினேன். மேலும் கீழும் ஒரே படமாக இருந்தால் திரை ஏறக்குறையக் கருப்பாக இருக்கும். எங்கே தப்பான கிளிப் நுழைந்திருக்கிறதோ அங்கே பேய் மாதிரி இரண்டு உருவம் தெரியும். 92 நிமிடத்தில் 41 இடம் அப்படி மாட்டியது. அதனால் ஒரு பகுதி முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் அதன் சாட்சிப் பிரதி ஒன்றைக் கட்டாயம் எடுத்து வைத்துவிடுங்கள். தரம் குறைந்தாலும் பரவாயில்லை.

இணைத்த பகுதிகளை டைம்லைனில் எப்படி வைப்பது என்பதிலும் நாள் போனது. முதலில் ஒவ்வொரு பகுதியின் சீக்வென்ஸையும் (வெட்டி அடுக்கிய கிளிப் வரிசை) முழுசாக நெஸ்ட் செய்து, அதாவது ஒரே கிளிப் மாதிரி மூடி, 13 பெட்டிகளாக அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒலியெல்லாம் ஒரே கட்டாக மூடிக்கொண்டதால், நான்காம் பகுதியின் முகவீணை என்ற ஊதுகருவியின் ஒலியை ஐந்தாம் பகுதிக்குள் கொஞ்சம் நீட்டி மெல்லக் குறைத்துவிட வழியில்லை. டைம்லைன் ஓரத்தில் சீக்வென்ஸை நெஸ்ட்டாகப் போடுவதா, தனித்தனி கிளிப்பாகப் போடுவதா என்று மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அணைத்துவிட்டுப் போட்டால் உள்ளே இருக்கும் வெட்டுகள் எல்லாம் விரிந்து வரும். விரிந்து வந்தபோது இன்னொரு உண்மை தெரிந்தது. ஒரு ப்ராஜெக்ட்டில் பேச்சு முதல் டிராக்கில், இன்னொன்றில் நான்காம் டிராக்கில். அதோடு, டிராக்கின் மேல் போட்ட ஒலித் திருத்தங்கள் கிளிப்போடு கூட வருவதில்லை. பேட்டிகளுக்கு நான் செய்திருந்த இரைச்சல் நீக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு எந்த டிராக், மிருதங்கம் எந்த டிராக், கூட்டச் சத்தம் எந்த டிராக் என்று ஒரு தாளில் எழுதி, காலியான ஒரு மாதிரி ப்ராஜெக்ட் செய்து, அதையே நகலெடுத்து ஒவ்வொரு பகுதியையும் தொடங்குங்கள். ஃபிரேம் அளவு, ஃபிரேம் வேகம், 48 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் அந்த மாதிரியிலேயே பூட்டியிருக்கட்டும். 2020இலிருந்து பிரீமியரில் புரொடக்‌ஷன்ஸ் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. சின்னச் சின்ன ப்ராஜெக்ட்டுகளை ஒரே கூரையின் கீழ் வைத்து ஒன்றின் கிளிப்பை இன்னொன்று பயன்படுத்திக்கொள்ள அதில் வழி உண்டு. இந்த மாதிரி வேலைக்கென்றே வந்தது. நான் 2019இல் தொடங்கிய பழக்கத்திலேயே போய்க்கொண்டிருந்ததால் அதைத் திரும்பியே பார்க்கவில்லை.

இனி, நண்பர் செய்த ஐந்தாம் பகுதி. அவருடைய ப்ராஜெக்ட் என்னிடம் சரியாகத் திறக்காததால் அதை மட்டும் முடிந்த ஃபைலாக வாங்கினேன். சினிமா மாதிரி இருக்கட்டும் என்று அவர் 24 ஃபிரேமில் செய்திருந்தார், நானோ எல்லாவற்றையும் 25இல். அவசரத்தில் அந்த ஃபைலை 25 ஃபிரேம் என்று எடுத்துக்கொள்ளும்படி இன்டர்ப்ரெட் செய்துவிட்டேன். 14 நிமிடம் 10 விநாடி இருந்த பகுதி 13 நிமிடம் 36 விநாடி ஆனது. நான் கவனிக்கவில்லை. வாய் அசைவு சரியாக இருந்தது, படமும் ஒலியும் சேர்ந்தே ஓடின. எனக்கு எதுவும் தெரியவில்லை.

மார்ச்சில், திருவிழாவுக்கு முன்னால் ஜமா ஆட்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று ஒரு சின்ன ப்ரிவ்யூ அரங்கை 8,000 ரூபாய்க்கு எடுத்தேன். 14 பேரையும் கூட்டிவர வேன் 3,500, சாப்பாட்டுக்கு 2,200. எல்லோரும் வேட்டி மாற்றிக்கொண்டு திருவிழாவுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்கள். ஐந்தாம் பகுதியில் விருத்தம் தொடங்கி அரை நிமிடம் ஆகியிருக்கும், ஜமாவின் கூத்து வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். "தம்பி, இது நான் பாடினது இல்லையே. சுருதி ஏறியிருக்குதே, கிட்டத்தட்ட அரைக்கட்டை. முகவீணையும் கூடவே ஏறிக்கினு போவுது" என்றார். முகவீணைக்காரர் "ஆமாம்பா, யாரோ சின்னப் பையன் ஊதற மாதிரி இருக்குது" என்றார். எனக்கு முகம் வெளுத்துவிட்டது. படத்தை நிறுத்தச் சொன்னேன். ஐம்பது வருடமாக ஒரே கட்டையில் பாடுகிற மனிதருடைய குரலை நான் மாற்றிவிட்டேன், அது எனக்குத் தெரியக்கூட இல்லை. திரும்பி வரும் வேனில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24ஐ 25 ஆக ஓட்டினால் நூற்றுக்கு நாலுக்குமேல் வேகம் கூடுகிறது, சுருதி முக்கால் அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறுகிறது. அரைக்கட்டை என்பது ஒரு அரைச்சுரம், ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவே உள்ள தூரம். வாத்தியார் காதாலேயே அளந்து சொல்லியிருக்கிறார். மறுநாள் பஸ் ஏறிப் புதுச்சேரி போய், நண்பர் வீட்டிலேயே மூன்று நாள் தங்கி, மூலக் கிளிப்புகளைக் கொண்டு அந்தப் பகுதியை 25 ஃபிரேமில் வெட்டுக்கு வெட்டு மறுபடி கட்டினோம். அதோடு போனில் எடுத்த கிளிப்புகளின் குணமும் தெரிந்தது. போன் ஒரே சீரான ஃபிரேம் வேகத்தில் பதிவதில்லை. நீளமான கிளிப் என்றால் போகப் போக ஒலி விலகலாம். அவற்றை எடிட்டுக்கு முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்று வைத்து 25க்கு மாற்றிக்கொள்வது நல்லது.

அதற்குப் பிறகு ஒரு பழைய வழக்கத்தைக் கைக்கொண்டேன், இப்போது கல்யாண வீடியோவுக்குக்கூட விடுவதில்லை. ஒவ்வொரு பகுதியின் தலையிலும் கவுண்ட்டவுன் போட்டு, படம் தொடங்குவதற்குச் சரியாக இரண்டு விநாடி முன்னால் ஒரே ஒரு ஃபிரேமுக்கு பீப் வைப்பது. படம் முடிந்து இரண்டு விநாடி கழித்து வாலிலும் ஒரு பீப். தாய் டைம்லைனுக்கு வந்த பிறகு இரண்டு பீப்புக்கும் நடுவே உள்ள தூரத்தை, அந்தப் பகுதி எடிட் ஆன இடத்தில் இருந்த தூரத்தோடு ஒப்பிட்டால் போதும். ஐந்தாம் பகுதியில் இது இருந்திருந்தால் 34 விநாடி குறைவது அந்த நிமிடமே தெரிந்திருக்கும். பார்த்த பிறகு தலையையும் வாலையும் வெட்டி எறிந்துவிடலாம்.

எழுத்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய ஃபான்ட்டில் டைட்டில் அடித்திருந்தார். அந்த ஃபான்ட் என் கம்ப்யூட்டரில் இல்லாததால் ஜமாக்காரர்கள் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தது. யூனிகோடில் நான் அடித்தவற்றில் சிலவற்றில் கொம்பு இடம் மாறி நின்றது. தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் என்ஜினை செட்டிங்கில் தேர்ந்தெடுத்த பிறகுதான் சரியானது. டைட்டில்களை எந்தப் பகுதியிலும் போடாமல், எல்லாம் ஒட்டி முடித்த பிறகு தாய் ப்ராஜெக்ட்டில் ஒரே ஃபான்ட்டில் ஒரேயடியாகப் போடுங்கள். ஒலி அளவும் அப்படித்தான். தனித்தனியாகக் கேட்டபோது 13 பகுதியும் நன்றாக இருந்தன, வரிசையாக ஓட்டினால் மூன்றாம் பகுதி காதைக் கிழித்தது, நான்காம் பகுதி கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. லவுட்னஸ் மீட்டரை வைத்து எல்லாப் பேச்சையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர நாலு நாள் ஆனது. பகுதி அளவில் வெட்டுவதும் வரிசைப்படுத்துவதும் முடிந்தால் போதும். கலர், ஒலிக் கலவை, எழுத்து மூன்றையும் ஒட்டிய பிறகு செய்தால் ஒருமுறை செய்கிற வேலை 13 முறை ஆகாது.

ஏப்ரல் முதல் வாரத்தில் முழுப்படம் கைக்கு வந்தது. இன்னொரு முறை அரங்கு எடுக்கப் பணம் இல்லை. லேப்டாப்பும் ஹெட்போனும் எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். ஐந்தாம் பகுதியை மட்டும் போட்டேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடியே விருத்தம் முடிகிறவரை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி, "இப்ப என் கட்டையில இருக்குது" என்றார். பிறகு, "ஆர்மோனியம் வர்ற இடத்தைப் போடு தம்பி" என்றார். 2019 இரவைப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

திருவிழாவில் கோயில் முன்னால் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டோம். அதற்கு மறுநாளே தாய் ப்ராஜெக்ட்டையும் அதில் பயன்பட்ட கிளிப்புகளையும் பிரீமியரில் உள்ள ப்ராஜெக்ட் மேனேஜர் வசதியைக் கொண்டு ஒரே ஃபோல்டராகத் திரட்டி, ஃபான்ட்டையும் டிராக் எழுதிய தாளையும் நானே அதில் சேர்த்து, இரண்டு டிஸ்க்கில் ஏற்றினேன். வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து ஒரு கிளிப்கூட ஆஃப்லைன் ஆகவில்லை என்று பார்த்த பிறகே பழைய 13 ப்ராஜெக்ட்டையும் ஓரம் வைத்தேன். ஒரு டிஸ்க் என் பீரோவில் இருக்கிறது. இன்னொன்றைத் துணியில் சுற்றி, கிரீடமும் புஜகீர்த்தியும் வைக்கிற ஜமாப் பெட்டியிலேயே வாத்தியார் வைத்துக்கொண்டார்.